இரண்டு வயதாகியும் பேசவில்லை: காத்திருக்கலாமா, தொடங்கலாமா?

கேட்டவர் ஒரு தாய். மகனுக்கு 26 மாதம். 19ஆம் மாதத்தில்தான் நடந்தான். சொற்கள் என்று எண்ணினால் நான்கைந்து. அதிலும் இரண்டு அவருக்கு மட்டும்தான் புரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறான், சில நேரம் இல்லை. வேண்டியதை விரலால் காட்டாமல், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான். “இவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினான்” என்கிறார் பாட்டி. “ஆறு மாதம் பார்க்கலாம்” என்றிருக்கிறார் மருத்துவர். காத்திருப்பதா? தெரபி என்று போனால் பிள்ளைக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளுமா? வீட்டிலேயே என்ன செய்யலாம்? சரியாகிவிடுவானா?

வளர்ச்சித் தாமதம் உள்ள சிறு குழந்தைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் வேலை செய்பவன் நான். முதல் கேள்விக்கு என் பதில்: காத்திருக்க வேண்டாம். என்ன குறை என்று ஒரு பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. இந்த இரண்டாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

பாட்டி சொல்வது பொய்யில்லை. இரண்டு வயதில் பேச்சு மட்டும் பிந்தியிருக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பள்ளி செல்லும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். ஆனால் இதில் ‘மட்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பேச்சு வராவிட்டாலும் சொல்வதெல்லாம் புரிகிறது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறான், தலையாட்டுகிறான், பொம்மைக்குச் சோறு ஊட்டி விளையாடுகிறான் என்றால் அது ஒரு கதை. புரிதலும் குறைவு, விரல் நீட்டுவதில்லை, நடையும் பிந்தியது, பெயருக்குத் திரும்புவது நிச்சயமில்லை என்றால் அது வேறு கதை. உங்கள் மகனுடையது இரண்டாவது வகை. அவன் அப்பாவின் கதையை வைத்து இவனைக் கணிக்க முடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எட்டிப்பிடிக்கப்போகும் குழந்தைக்கு நீங்கள் அவசரப்பட்டு உதவியைத் தொடங்கிவிட்டால் இழப்பு என்ன? சில மாதம் அவனோடு கூடுதலாக விளையாடியிருப்பீர்கள், கூடுதலாகப் பேசியிருப்பீர்கள். அவ்வளவுதான். எட்டிப்பிடிக்க முடியாத குழந்தையைக் காக்க வைத்துவிட்டால் போகும் மாதங்கள் திரும்பாது. எந்தக் குழந்தை எந்த வகை என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படியிருக்கும்போது எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்று பாருங்கள்.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் 17.6 மாதத்துக்குள் தனியாக நடந்துவிட்டார்கள். அதே ஆய்வில் சுமார் 4 சதவீதக் குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழாமலேயே நடையைத் தொட்டுவிட்டார்கள். ஆகவே தவழவில்லை என்று தூக்கம் கெடத் தேவையில்லை. ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால் காட்டத்தான் வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு வயதுவரை அப்படித்தான் கணக்கு.

ஆண் குழந்தை 18 மாதத்துக்குப் பிறகுதான் நடந்தான் என்றால் நான் மருத்துவரிடம் ஒன்றைக் கேட்கச் சொல்வேன்: ரத்தத்தில் சிகே என்ற நொதியின் அளவு. டுஷேன் என்ற தசைச் சிதைவு நோயில் அது பல மடங்கு ஏறியிருக்கும். அந்த நோயில் பேச்சும் பிந்துவது உண்டு. அதனால் நடையையும் பேச்சையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு நோயைக் கோட்டைவிடுவது நடக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அளவு சரியாகவே வரும். பயமுறுத்தச் சொல்லவில்லை, ஒரு ரத்தப் பரிசோதனையில் முடிகிற விஷயம். தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஏறி எழுகிறானா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காது. “கதவு சாத்தினால் திரும்புகிறான், பாட்டுச் சத்தம் கேட்டால் ஓடி வருகிறான், காதெல்லாம் நன்றாகக் கேட்கிறது” என்று சொல்லாத பெற்றோர் குறைவு. கதவுச் சத்தம் தடித்த ஒலி. ச, த, ப போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை, அவற்றில் பல மேல்சுருதியில் வருபவை. அந்தப் பகுதி மட்டும் கேட்காத குழந்தைக்கு நம் பேச்சு, சுவருக்கு அப்பால் யாரோ பேசுவதுபோல இருக்கும். பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன சொல் என்று பிடிபடாது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்து, ஒரு வாரம் நன்றாகவும் மறுவாரம் மங்கலாகவும் கேட்பதுண்டு. பெயருக்குச் சில நேரம் திரும்பி, சில நேரம் திரும்பாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். பிறந்தபோது செய்த காதுப் பரிசோதனையில் தேறியிருந்தாலும் இப்போது மறுபடி செய்ய வேண்டும். பிறகு வரும் காதுகேளாமையும் உண்டு. குழந்தை தூங்கும்போது எடுக்கும் பெரா பரிசோதனை பல இடங்களில் கிடைக்கும். பிறவிக் காதுகேளாமைக்கு உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு 1-3-6: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். 26 மாதத்தில் இருப்பவருக்கு இதைச் சொல்வது குத்திக்காட்ட அல்ல, காதுப் பரிசோதனையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள் என்பதற்காக.

அப்புறம் கண், தைராய்டு, இரும்புச்சத்து. பிறவித் தைராய்டுக் குறைவுக்குப் பிறந்த இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி கிட்டத்தட்ட முழுமையாகக் காப்பாற்றப்படுகிறது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது இதற்காகவும்தான். உங்கள் மகனுக்கு அது செய்யப்பட்டதா என்று பழைய தாள்களைப் பாருங்கள். மூளை ஸ்கேன் எல்லாக் குழந்தைக்கும் தேவையில்லை. நரம்பியல் அறிகுறியோ வலிப்போ தலையளவில் மாற்றமோ இருந்தால்தான் அது. நாக்கு ஒட்டியிருப்பதால் பேச்சு வரவில்லை என்று யாராவது வெட்டச் சொன்னால் நிதானியுங்கள். நாக்குக் கட்டு சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம். சொல்லே வராமல் செய்யாது, புரிதலைக் குறைக்காது.

பரிசோதனைகள் ஒரு பக்கம் நடக்கட்டும். பயிற்சி அவற்றின் முடிவுக்காக நிற்க வேண்டியதில்லை. இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி, ஒட்டிக்கொள்ளும் பெயர். ‘வளர்ச்சித் தாமதம்’ என்பதே ஒரு தற்காலிகப் பெயர். பேச்சு, நடை, புரிதல் என்று ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில் பிந்தியிருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, இன்னும் துல்லியமாக அளக்க முடியாத வயது என்பதால் கொடுக்கப்படுவது. சிலருக்கு அது உதிர்ந்துவிடும். சிலருக்குப் பின்னால் ஆட்டிசம் என்றோ அறிவுத்திறன் குறைபாடு என்றோ தெளிவான பெயராக மாறும். இரண்டிலும், 26 மாதத்தில் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: அவன் பார்ப்பதை உங்களோடு சேர்ந்து பார்க்க வைப்பது, வேண்டியதைக் கேட்கும் வழியைக் கொடுப்பது, கை கால்களுக்கு வேலை கொடுப்பது.

யாரிடம் போவது? வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் குழந்தை மருத்துவரும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையமும் இருந்தால் அங்கே. இல்லையென்றால் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் போதும், தொடங்கிவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்களை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, 45 நிமிடம் கழித்து “இன்று நன்றாகச் செய்தான்” என்று பிள்ளையைத் திருப்பித் தரும் இடம் எனக்கு உடன்பாடில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு முறை போனால் ஒன்றரை மணி நேரம். இந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 12 மணி நேரம் விழித்திருக்கிறது, வாரத்துக்கு 84. மீதி 82 மணி நேரத்துக்கும் மேல் அவன் உங்களோடுதான் இருக்கிறான். நல்ல பயிற்சியாளர் அந்த ஒன்றரை மணியை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செலவிடுவார். நீங்கள் செய்வதைப் பார்ப்பார், திருத்துவார், அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று கேட்பார்.

இதற்குச் சான்றாக நான் அடிக்கடி நினைப்பது ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980களில் நடந்த ஆய்வு. சாலி கிரந்தம் மெக்ரெகர் குழுவினர், ஊட்டச்சத்துக் குறைவால் வளர்ச்சி குன்றிய 9 முதல் 24 மாதக் குழந்தைகளின் வீடுகளுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர்களை வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம் அனுப்பினார்கள். கையில் வீட்டிலேயே செய்த பொம்மைகள். வேலை, அம்மாவுக்குக் குழந்தையோடு விளையாடச் சொல்லிக்கொடுப்பது. இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வளர்ந்து, அப்படி யாரும் வராத வீட்டுப் பிள்ளைகளைவிட சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அவர்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அல்ல, அதையும் இதையும் ஒன்றாக்கவில்லை. மாற்றம் கருவியாலோ நிபுணராலோ வரவில்லை, வீட்டில் தினமும் நடந்ததால் வந்தது என்பதற்காகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் வளர்ச்சித் தாமதம் உள்ள 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது.

சரி, வீட்டில் என்னதான் செய்வது? தனியாகத் ‘தெரபி நேரம்’ ஒதுக்கி மேசையில் உட்காரவைக்காதீர்கள். எப்படியும் தினமும் நடக்கிற வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: குளியல், உடை மாற்றுவது, சாப்பாடு, வெளியே கிளம்புவது.

சட்டை போடுவதைப் பார்ப்போம். வழக்கமாக நாம் தலையை நுழைத்து, இரண்டு கையையும் இழுத்து அரை நிமிடத்தில் முடித்துவிடுவோம். நாளை தலையை நுழைத்ததும் நிறுத்துங்கள். அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து “கை” என்று மட்டும் சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி மிக நீளமாகத் தெரியும். நம்மில் பலர் இரண்டிலேயே பொறுமை இழந்து கையைப் பிடித்து நுழைத்துவிடுகிறோம். அவன் தோளைக் கொஞ்சம் அசைத்தாலோ உங்களைப் பார்த்தாலோ அதுவே பதில், உடனே “ஆ, கை!” என்று நுழையுங்கள். எதுவும் செய்யாவிட்டால் முழங்கையை லேசாகத் தொட்டுத் தொடங்கிக் கொடுத்து, மறுபடி நில்லுங்கள். இதிலேயே கவனித்தல், புரிதல், தோள் அசைவு, முறை வைத்துச் செயல்படுதல் நான்கும் அடங்கிவிட்டன. தினம் இரண்டு முறை சட்டை மாற்றினால் மாதத்துக்கு அறுபது முறை.

பேச்சுக்கும் இதே தத்துவம்தான், ஆனால் இங்கே ஒரு கெட்ட பழக்கத்தை முதலில் விட வேண்டும். “இது என்ன? சொல்லு. அது என்ன கலர்? சொல்லு” என்று நாள் முழுக்கத் தேர்வு வைப்பது. பேச முடியாத குழந்தைக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு தோல்வி. கேள்விகளைப் பாதியாகக் குறைத்து, அவன் கண் எங்கே போகிறதோ அதற்குப் பெயர் சொல்லுங்கள். அவன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறானா, “சுத்துது… சுத்துது… நின்னுடுச்சு.” அவன் சொல்வதைவிட ஒரு சொல் மட்டும் கூடுதலாக. அவன் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நீங்கள் ஒரு சொல். அவன் “வா” என்றால் நீங்கள் “அப்பா வா”.

தமிழ் இதற்குக் கொடுத்துவைத்த மொழி. தா, வா, போ, வை என்று ஒரே எழுத்தில் முழு வினை. மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டியதை ஒரு ‘தா’ முடித்துவிடும். நிறப் பெயர்களையும் விலங்குப் பெயர்களையும் ஓரமாக வைத்துவிட்டு தா, வா, போதும், வேண்டாம், இன்னும் இவற்றில் தொடங்குங்கள். இவை வாழ்க்கைக்கு உடனே பயன்படுபவை; சொன்னவுடன் பலன் கிடைக்கிற சொல்தான் குழந்தையின் வாயில் தங்கும். ரைம்ஸ் முழுவதும் ஒப்பிப்பான், நூறு வரை எண்ணுவான், ஆனால் தாகம் என்றால் அழத்தான் தெரியும் என்ற நிலையில் சில பிள்ளைகள் வருவார்கள். பெற்றோர் பெருமையாக எண்ணச் சொல்வார்கள். நான் தண்ணீர்ப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருப்பேன்.

கேட்பதற்கான காரணத்தையும் உண்டாக்க வேண்டும். எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அவன் ஏன் கேட்கப் போகிறான்? பிடித்த பொருளை அவனால் திறக்க முடியாத, உள்ளே தெரிகிற டப்பாவில் போட்டுக் கொடுங்கள். பிடித்த பாட்டைப் பாதியில் நிறுத்துங்கள். ஊஞ்சலைத் தள்ளப்போய் நில்லுங்கள். அவன் பார்த்தாலோ, கையை நீட்டினாலோ, ஒரு ஒலி எழுப்பினாலோ உடனே கொடுத்துவிட வேண்டும். “சரியாகச் சொன்னால்தான் தருவேன்” என்று பிடிவாதம் காட்டினால் அது வதை.

உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான் என்றீர்களே, அதில் எனக்குக் கொஞ்சம் அக்கறை. வழக்கமாக ஒரு வயதையொட்டி விரல் நீட்டல் வரும். முதலில் ‘அது வேணும்’ என்று, பிறகு ‘அதோ பார், விமானம்’ என்று. இரண்டாவது வகை, எதுவும் வேண்டாமல் வெறுமனே பகிர்வதற்காகக் காட்டுவது, பேச்சுக்கான வேர். உங்கள் மகன் இதுவரை எதையாவது அப்படிக் காட்டியிருக்கிறானா என்று யோசித்து, மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 16 முதல் 30 மாதம் வரையான குழந்தைகளுக்கு ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பார்க்கும் எம்-சாட் என்ற கேள்வித்தாள் இருக்கிறது, பத்து நிமிடம் ஆகாது. அதையும் கேட்டு வாங்குங்கள். அதில் அதிக மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் உறுதி என்று அர்த்தமில்லை, விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

சில குழப்பங்களை வேகமாகக் கடக்கிறேன். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் தாமதம் வராது. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியை நிறுத்த வேண்டாம். படம் காட்டியோ சைகையாலோ கேட்கப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்பது தவறு. ஆய்வுகளில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பேச்சு கூடத்தான் செய்தது. டிவி, போன் திரை எல்லாத் தாமதத்துக்கும் காரணம் என்று தாயைக் குற்றவாளியாக்குவதும் சரியில்லை, ஆனால் அது எதிரில் இருந்து பதில் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள், அதற்குக் கீழே வேண்டாம் என்று. சக்கர நடைவண்டி நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. விபத்துகளால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

இதைப் படிக்கும் கைக்குழந்தைப் பெற்றோருக்கு இரண்டு விஷயம். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், ‘இடதுகைப் பழக்கம்’ என்று விட்டுவிடாதீர்கள். அந்த வயதில் கைப்பழக்கம் வந்திருக்காது, மற்ற கைக்கு ஏதோ சிக்கல் இருக்கலாம். மூளைவாதத்தை (செரிப்ரல் பால்சி) இப்போதெல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பே, குழந்தையின் அசைவுகளை வீடியோவில் பார்த்தும் நரம்பியல் பரிசோதனை செய்தும் கண்டுபிடிக்க முடிகிறது. இன்னொன்று, எந்த வயதானாலும் வந்த சொல்லோ திறனோ காணாமல் போனால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி. கவலையில் இருக்கும் பெற்றோரைச் சுற்றி ஒரு சந்தையே நடக்கிறது. ஸ்டெம் செல் ஊசி, அழுத்தப்பட்ட ஆக்சிஜன் அறை, உடலிலிருந்து ‘உலோகம் நீக்கும்’ மருந்து. கடைசியாகச் சொன்னதில் 2005இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் இறந்தே போனான். முழுக் குணம் என்று உறுதி தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நேர்மையான மையத்திடம் கேட்டால் இப்படிப் பதில் வரும்: “மூன்று மாதத்தில் சட்டை போடும்போது கையைத் தானே நீட்ட வேண்டும், ஐந்து விஷயங்களைச் சைகையாலாவது கேட்க வேண்டும்.” “கவனம் மேம்படும்” என்பது இலக்கே இல்லை, அதை அளக்க முடியாது.

சரியாகிவிடுவானா? இந்தக் கேள்விக்கு இன்று பதில் சொல்பவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. உதவி கிடைத்த குழந்தை, கிடைக்காமல் இருந்திருந்தால் இருக்கும் இடத்தைவிட முன்னால் இருக்கும்; மற்றவர்களை எட்டுமா என்பது தாமதத்தின் காரணத்தைப் பொறுத்தது. ‘மூன்று வயதுக்குள் செய்யாவிட்டால் எல்லாம் போச்சு’ என்பதையும் நம்ப வேண்டாம். காது, பிறவிக் கண்புரை, தைராய்டு போன்றவற்றில் காலக்கெடு நிஜம். மற்றபடி ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் குழந்தைகள் கற்கிறார்கள், மெதுவாக.

மருத்துவரிடம் மறுபடி போகும்போது மூன்று சின்ன வீடியோக்கள் எடுத்துப் போங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிடுவது, வேண்டியதைக் கேட்பது, தனியாக விளையாடுவது. அறிமுகமில்லாத அறையில் பத்து நிமிடம் பார்ப்பதைவிட அவை அதிகம் காட்டும். அப்போதும் அவர் “பார்க்கலாம்” என்றால் சண்டை வேண்டாம். “ஆறு மாதத்தில் என்னென்ன வந்திருக்க வேண்டும், வராவிட்டால் அடுத்து என்ன?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, காதுப் பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் அன்றே சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.